கருமுட்டையின் 36 மணி நேரம்

ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் ஒரு செல், ஒன்றரை நாளில் கருவாகத் தயாராகிறது. அந்த நேரத்தில் எந்தப் புரதம் எப்போது உருவாக வேண்டும் என்று உத்தரவிடுவது யார்? விடையின் பெரும்பகுதி முட்டைக்கு வெளியே இருக்கிறது.

குழந்தையின்மை சிகிச்சை மையங்களில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போடப்படும் ஊசி ஒன்று உண்டு. இரவு பத்து மணி என்று எழுதிக் கொடுத்தால் பத்து மணிதான். எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அடங்கிய அந்த ஊசிக்கும், சினைப்பையிலிருந்து கருமுட்டைகளை உறிஞ்சி எடுப்பதற்கும் இடையே 34 முதல் 36 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. முன்கூட்டியே எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது. தாமதித்தால் சினைப்பையை விட்டு வெளியேறிக் கைக்குச் சிக்காமல் போய்விடும்.

எடுத்த முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் நிபுணரின் கண் தேடுவது ஒரு சிறு உருண்டையை. முட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'துருவ உருண்டை' தென்பட்டால், முட்டை தன் குரோமோசோம்களில் ஒரு பாதியை வெளியே தள்ளிவிட்டது, விந்தணுவை ஏற்கத் தயார் என்று பொருள். 'முதிர்ந்தது' என்று குறித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் முட்டைகளில் சில கருவுறுவதே இல்லை. சில கருவுற்ற பிறகு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அப்படியே நின்றுவிடுகின்றன. "முட்டையின் தரம் சரியில்லை" என்ற ஒற்றை வரியைக் கேட்டுக்கொண்டு தம்பதிகள் வீடு திரும்புகிறார்கள். கடன் வாங்கியும் நகையை விற்றும் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இந்த வரி எதையும் விளக்குவதில்லை.

தரம் என்றால் என்ன? வயது ஏற ஏறக் குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்படுவது ஒரு முக்கியக் காரணம். இது நீண்ட காலமாகத் தெரிந்ததே. ஆனால் குரோமோசோம் கணக்கு சரியாக இருந்தும் சில முட்டைகள் ஏன் தோற்கின்றன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள் அதற்கு ஒரு திசையைக் காட்டியிருக்கின்றன. அந்த 36 மணி நேரத்தில் முட்டைக்குள் உருவாக வேண்டிய புரதங்கள் உரிய நேரத்தில், உரிய அளவில் உருவானதா என்பதே தரத்தின் ஒரு பெரும் பகுதி. அதற்கான உத்தரவுகளில் பல, முட்டையைச் சுற்றியுள்ள செல்களிடமிருந்து வருகின்றன.

பூட்டப்பட்ட ஆவண அறை

பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது இது 10 முதல் 20 லட்சமாகக் குறைகிறது. பூப்படையும் வயதில் மூன்று, நான்கு லட்சம். இவற்றில் வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 மட்டுமே.

இந்தச் செல்கள் அனைத்தும், குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரத்யேகப் பிரிவினையைத் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகின்றன. தொடங்கிய வேகத்தில் நடுவழியில் நின்றும் விடுகின்றன. இந்த நிறுத்தம் ஒரு முட்டைக்கு 13 ஆண்டு நீடிக்கலாம். இன்னொன்றுக்கு 43 ஆண்டு. மனித உடலில் இவ்வளவு காலம் பாதி வேலையில் காத்திருக்கும் செல்லை வேறெங்கும் தேடுவது கடினம்.

முறை வரும் முட்டை வளரத் தொடங்குகிறது. வளர்ந்து முடிக்கும்போது அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கை நெருங்கும். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும் அளவு. இந்த வளர்ச்சிக் காலத்தில் அதன் மரபணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ள செய்திகள் 'தூது ஆர்.என்.ஏ.' என்ற நகல்களாகப் பிரதியெடுக்கப்பட்டு வெளியே குவிகின்றன. சாதாரணச் செல்களில் இந்த நகல்கள் வந்தவுடன் படிக்கப்பட்டுப் புரதமாக மாறும்; கொஞ்ச நேரத்தில் அழிந்தும் போகும். முட்டையில் மட்டும் அவற்றில் ஏராளமானவை படிக்கப்படாமல், அழிக்கப்படாமல் கட்டி வைக்கப்படுகின்றன.

காரணம் எளிது. முழு வளர்ச்சி அடைந்ததும் முட்டையின் டி.என்.ஏ. இறுகிச் சுருண்டு, பிரதியெடுக்கும் வேலை நின்றுபோகிறது. தாலுகா அலுவலகத்தின் ஆவண அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதைப் போல. அதன் பிறகு முட்டை முதிர வேண்டும், விந்தணுவை ஏற்க வேண்டும், கருவாகிப் பிரிய வேண்டும். இத்தனைக்கும் கையில் இருப்பவை ஏற்கெனவே எடுத்து வைத்த நகல்கள்தான். சுண்டெலியில் கரு இரண்டு செல்லாகும்போது அறை மீண்டும் திறக்கிறது. மனிதக் கருவில் அது நான்கு முதல் எட்டு செல் கட்டத்தில்தான் திறக்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1988இல் காட்டினார்கள். கருவுற்று இரண்டு, மூன்று நாட்கள் கழித்து என்று பொருள்.

ஆகவே இந்த இடைவெளியில் எந்த நகலை எப்போது பிரித்துப் படிப்பது என்பதுதான் நிர்வாகம். ஒரு புரதம் முந்திக்கொண்டால் பிரிவினை குழம்பும். பிந்தினால் கரு நின்றுவிடும். புதிய நகல் எடுத்துத் தவறைத் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது.

உறக்கத்தைக் காப்பவர்கள்

முட்டை ஏன் உறங்குகிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு 1935இல் கிடைத்தது. பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவராகப் புகழ்பெற்ற கிரிகரி பிங்கஸ், அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டில் எர்ன்ஸ்ட் என்ஸ்மனுடன் முயல் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சினைப்பையின் நுண்பையிலிருந்து முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். எந்த ஹார்மோனும் தராமலேயே அது விழித்துக்கொண்டு பிரிவினையைத் தொடர்ந்தது. அப்படியானால் முட்டை தானாக உறங்கவில்லை. சுற்றியிருப்பவை அதை உறங்க வைத்திருக்கின்றன.

உறங்க வைப்பது எது என்று தெரிய முக்கால் நூற்றாண்டு ஆனது. முட்டையைச் சுற்றி நுண்பைச் செல்கள் பல அடுக்காக நிற்கின்றன. முட்டைக்கு நெருக்கமான உள்ளடுக்கு, மெல்லிய விரல்களைப் போன்ற இழைகளை நீட்டி முட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடும் இடங்களில் மிக நுண்ணிய வாயில்கள். அவற்றின் வழியாக 'சைக்ளிக் ஜி.எம்.பி.' என்ற சிறு மூலக்கூறு முட்டைக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே அது ஒரு நொதியை முடக்குகிறது. முடக்கப்பட்ட அந்த நொதியின் வேலை, 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற இன்னொரு மூலக்கூறைச் சிதைப்பது. சிதைப்பவர் இல்லாததால் ஏ.எம்.பி.யின் அளவு உயர்ந்தே இருக்கிறது. அது உயர்ந்திருக்கும் வரை முட்டை விழிக்காது.

இந்தச் சங்கிலியை 2009இல் அமெரிக்காவின் லாரிண்டா ஜாஃபே குழுவினர் சுண்டெலியில் நிரூபித்தார்கள். அடுத்த ஆண்டே ஜான் எப்பிக் குழுவினரும் சீன விஞ்ஞானிகளும் சேர்ந்து, ஜி.எம்.பி.யைச் சுரக்கச் சொல்லும் தூது எது என்பதையும் கண்டார்கள். வெளியடுக்குச் செல்கள் அனுப்பும் சி.என்.பி. என்ற சிறு புரதம் அது. முடங்கிக் கிடக்கும் அந்த நொதியே இல்லாமல் பிறந்த பெண் சுண்டெலிகளின் கதையும் இதற்குப் பொருந்தியது. அவற்றின் முட்டைகள் விழிப்பதே இல்லை. அவை மலடாகவே இருக்கின்றன என்பது 2004இல் வெளியானது.

விழிக்க வைப்பது எல்.எச். என்ற ஹார்மோன். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அது திடீரெனப் பொங்கி வருகிறது. சிகிச்சை மையத்தின் ஊசியில் இருக்கும் எச்.சி.ஜி. அதே வாசலைத் தட்டும் மாற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் முட்டையில் இல்லை. முட்டையை ஒட்டிய உள்ளடுக்கிலும் அநேகமாக இல்லை. அவை இருப்பது வெளியடுக்கில். தந்தி வாசலோடு நிற்கிறது. வீட்டுக்குள் அதை எடுத்துச் செல்ல வேறொருவர் வேண்டும்.

அந்த இடையாளை 2004இல் கலிபோர்னியாவில் மார்க்கோ காண்டியின் குழு அடையாளம் கண்டது. எல்.எச். வந்தவுடன் வெளியடுக்குச் செல்கள் ஆம்பிரெகுலின், எபிரெகுலின், பீட்டாசெல்லுலின் என்ற மூன்று வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. அவை உள்ளடுக்குச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. வாயில்கள் மூடுகின்றன, ஜி.எம்.பி.யின் அளவு சரிகிறது, நொதி விடுபடுகிறது, முட்டை விழிக்கிறது. அதன் கருவைச் சுற்றியிருந்த சவ்வு கரைந்துபோகிறது.

விழித்தால் போதுமா?

விழிக்கும் கணத்தில் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கற்றுக்கொடுத்தது தவளை. 1971இல் ஜப்பானியரான யோஷியோ மசூயி, அமெரிக்கரான கிளமென்ட் மார்க்கெர்ட்டுடன் சேர்ந்து, ஹார்மோன் கொடுத்து முதிர வைத்த தவளை முட்டையின் திரவத்தைக் கொஞ்சம் எடுத்து, உறங்கும் இன்னொரு முட்டைக்குள் செலுத்தினார். ஹார்மோனே படாத அந்த முட்டையும் முதிர்ந்தது. அந்தத் திரவத்தில் இருந்த சக்திக்கு 'முதிர்வு தூண்டும் காரணி' என்று பெயர் வைத்தார்கள். அது இரண்டு புரதங்களின் கூட்டு என்பது பின்னால் தெரிந்தது. ஒன்று, செல் பிரிவினையை முடுக்கும் நொதி. மற்றொன்று, பிரிட்டனின் டிம் ஹண்ட் 1982இல் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டறிந்த சைக்ளின். ஹண்டுக்கு 2001இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சைக்ளின் ஒரு புரதம். அது தேவைப்படும்போது உற்பத்தியாகி, வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. முட்டையின் முதிர்ச்சிக்குப் புரத உற்பத்தி எவ்வளவு அவசியம் என்பதை ஒரு எளிய சோதனை காட்டுகிறது. உற்பத்தியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் பசு, பன்றி, ஆடு ஆகியவற்றின் முட்டைகள் விழிக்கவே மறுக்கின்றன. சுண்டெலி முட்டை விழித்துக்கொள்ளும். ஆனால் மேற்கொண்டு முதிர்ச்சியை முடிக்க முடியாது.

புரத உற்பத்தி என்றால் எல்லாமே பெருகுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. முதிரும் சுண்டெலி முட்டையில் மொத்த உற்பத்தி உண்மையில் குறைகிறது. வளர்ச்சிக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த பல பட்டறைகள் மூடப்படுகின்றன. அதே நேரத்தில், அதுவரை தொடாமல் வைத்திருந்த வேறு நகல்கள் வரிசையாகப் படிக்கப்படுகின்றன.

வால் நீண்டால் உத்தரவு

எந்த நகல் படிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வின் கடைசியிலும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு வால் உண்டு. வால் நீளமாக இருந்தால் புரதம் செய்யும் இயந்திரங்கள் அந்த நகலைப் பிடித்துக்கொள்கின்றன. குட்டையாக இருந்தால் ஒதுக்கிவிடுகின்றன. முட்டை சேமித்து வைக்கும் நகல்களின் வால் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்தாகாத கோப்புகளைப் போல.

பாலூட்டி முட்டையில் இதற்கான தெளிவான சான்று 1987இல் ஜெனிவா விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது. மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கக் கொடுக்கப்படும் டி.பி.ஏ. என்ற புரதம் முதிரும் சுண்டெலி முட்டையிலும் உருவாகிறது. உறங்கும் முட்டையில் அதன் நகல் மட்டும் குட்டை வாலோடு கிடக்கிறது, புரதம் இல்லை. முட்டை விழித்ததும் வால் நீள்கிறது, புரதம் உருவாகிறது.

வாலைக் கட்டுப்படுத்தும் காவலாளியை 1994இல் ஜோயல் ரிக்டரின் ஆய்வகம் தவளை முட்டையில் கண்டது. சி.பி.இ.பி. என்ற அந்தப் புரதம் நகலின் குறிப்பிட்ட சில எழுத்துக்களைப் பற்றிக்கொண்டு அதை அடக்கி வைத்திருக்கிறது. விழிப்புச் சமிக்ஞை வந்ததும் நொதிகள் அதன் மீது பாஸ்பேட் முத்திரையைக் குத்துகின்றன. முத்திரை விழுந்த மறுகணம் அதன் குணம் மாறிவிடுகிறது. அதுவரை அடக்கியவர் இப்போது வாலை நீட்ட உதவுகிறார். பாலூட்டிகளிலும் இதே காவலாளிதான். வேலை முடிந்த பிறகு அதன் பெரும்பகுதி அழிக்கப்படுகிறது.

இந்த வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ் என்ற புரதம் உதாரணம். முட்டை முதிர்ந்த பிறகு விந்தணு வரும்வரை அதை இரண்டாவது முறையாக நிறுத்தி வைப்பது மாஸின் பொறுப்பு. இதன் நகலும் குட்டை வாலோடு காத்திருந்து முதிரும்போது படிக்கப்படுவதே. மாஸ் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1994இல் பிரிட்டிஷ், ஜப்பானியக் குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. அவற்றின் முட்டைகள் விந்தணுவுக்காகக் காத்திருக்கவில்லை. தாமாகவே பிரியத் தொடங்கின. சில சுண்டெலிகளுக்குச் சினைப்பையில் கட்டி வந்தது.

நகல்கள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது 2022இல் தெளிவானது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் மெலினா ஷூவின் குழு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்களைச் சுற்றி, பசை போன்ற ஒரு பொருளில் அவை சேர்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டது. அந்தப் பசையைக் கட்டும் புரதத்தை நீக்கினால் மைட்டோகாண்ட்ரியாக்கள் சிதறுகின்றன. நகல்கள் நேரத்துக்கு முன்பே அழிந்துபோகின்றன.

இரண்டாவது செய்தி

நீண்ட காலமாக ஓர் எண்ணம் நிலவியது. சுற்றியுள்ள செல்களின் வேலை முட்டையை எழுப்புவதோடு முடிந்தது. எழுந்த பிறகு எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்பதை முட்டை தானே பார்த்துக்கொள்ளும் என்பதே அது. 2013இல் காண்டியின் குழு இதை உடைத்தது.

முட்டைகளை இரண்டு விதமாக வளர்த்தார்கள். ஒரு பிரிவு தனியாக. மற்றது சுற்றுச் செல்களோடு. இரண்டும் விழித்தன. ஆனால் சுற்றுச் செல்களோடு இருந்த முட்டைகளில் குறிப்பிட்ட சில நகல்கள் கூடுதலாகப் படிக்கப்பட்டன. கருவின் வளர்ச்சிக்கு அவசியமான புரதங்களின் நகல்கள் அவை. ஆம்பிரெகுலினைச் சேர்த்தால் அந்த உற்பத்தி உயர்ந்தது. ஆம்பிரெகுலின் முட்டையை நேரடியாகத் தொடுவதில்லை. சுற்றுச் செல்களை மட்டுமே தொடுகிறது. அவை வேறு வழியில் முட்டைக்கு உத்தரவை அனுப்புகின்றன. முட்டைக்குள் அந்த உத்தரவை ஏந்திச் செல்வது பி.ஐ.3 கினேஸ், ஏ.கே.டி., எம்டார் என்ற மூன்று கண்ணிகள் கொண்ட சமிக்ஞைப் பாதை. இதில் கடைசிக் கண்ணியான எம்டார், உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் புரத உற்பத்தியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை.

ஆம்பிரெகுலின் இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் இதன் விளைவைக் காட்டின. அவை மலடாகவில்லை. ஆனால் குட்டிகள் குறைந்தன. அவற்றின் முட்டைகள் கருவாக வளரும் திறன் குன்றியிருந்தது. கூடவே அந்தக் குறிப்பிட்ட நகல்கள் சரியாகப் படிக்கப்படவில்லை.

ஒரே ஹார்மோன் அலை முட்டைக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவருகிறது என்பதே இதன் சாரம். முதல் செய்தி, 'விழித்துக்கொள்'. இரண்டாவது, 'கருவுக்கானதைச் செய்து வை'. மைக்ராஸ்கோப்பில் தெரியும் துருவ உருண்டை முதல் செய்தி கிடைத்ததற்கு அத்தாட்சி. இரண்டாவது கிடைத்ததா என்பதை அது சொல்வதில்லை.

2015இல் செக் விஞ்ஞானி ஆந்த்ரே சூசோரின் குழு இன்னொரு துண்டைச் சேர்த்தது. எம்டார் பாதையின் தாக்கத்தில் நடக்கும் உற்பத்தி, முட்டை முழுவதும் சமமாக நடப்பதில்லை. குரோமோசோம்கள் பிரியும் இடத்தைச் சுற்றி அது குவிகிறது. அதைத் தடுத்தால் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிவதில்லை. புரத உற்பத்தியும் குரோமோசோம் பங்கீடும் தனித்தனி விவகாரங்கள் என்ற எண்ணமும் இதனால் ஆட்டம் கண்டது.

பெண்களில் தெரிந்தது

இவையெல்லாம் சுண்டெலிக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2017 முதல், திரும்பத் திரும்பச் சிகிச்சை எடுத்தும் ஒரு முட்டைகூட முதிராத சில பெண்களிடம் பேட்எல்2 என்ற மரபணுவில் பழுது இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. முட்டையில் நகல்களை அடக்கி வைக்கும் அமைப்பைச் சேர்ந்த புரதம் அது. இவர்களில் பலர் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்துகொண்ட பெற்றோருக்குப் பிறந்தவர்கள்.

2020இல் சீன ஆய்வாளர்கள் பி.டி.ஜி.4 என்ற மரபணுவின் பழுதை விவரித்தார்கள். இந்தப் பெண்களின் முட்டைகள் முதிர்கின்றன, கருவுறுகின்றன. ஆனால் ஒரு செல் இரண்டாகப் பிரிவதில்லை. பி.டி.ஜி.4இன் வேலை, பயன் முடிந்த பழைய நகல்களை அழிக்க உதவுவது. பழைய உத்தரவுகள் கிழிக்கப்படாவிட்டால் புதிய நிர்வாகம் பொறுப்பேற்க முடியாது.

இத்தகைய பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு பெரிது. ஊசியின் அளவைக் கூட்டிக் கூட்டி ஐந்தாம் முறை, ஆறாம் முறை என்று முயல்வதால் இந்தப் பழுது நீங்காது. காரணம் தெரிந்தால் வீண் செலவையும் வேதனையையும் தவிர்த்து, முட்டை தானம் போன்ற வேறு வழிகளை யோசிக்கலாம். தம் மீது குற்றம் இல்லை என்று தெரிவதே சிலருக்கு ஆறுதல்.

கண்ணாடித் தட்டில் முதிரும் முட்டை

உடலுக்கு வெளியே முட்டையை முதிர வைக்கும் கனவு பழையது. பிரிட்டனின் ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965இல் மனித முட்டைகளைத் தட்டில் முதிர வைத்தார். 12 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பிங்கஸ் காலத்தில் நம்பப்பட்ட வேலைக்கு 36 மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. 1969இல் அப்படிப்பட்ட முட்டைகளைத் தட்டிலேயே கருவுறவும் வைத்தார். ஆனால் அதோடு அந்தப் பாதையை விட்டு விலகி, உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டைகளை எடுக்கும் வழிக்கு மாறினார். 1978 ஜூலையில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், தாயின் சொந்த எல்.எச். அலையில் முதிர்ந்த முட்டையிலிருந்து வந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் பிறந்த குழந்தைக்கு, ஹார்மோன் கொடுத்துச் சினைப்பையைத் தூண்டி எடுத்த முட்டை பயன்பட்டது. இன்று உலகெங்கும் வழக்கத்தில் இருப்பது இந்தத் தூண்டல் முறைதான்.

தூண்டலுக்கு விலை உண்டு. நீர்க்கட்டிப் பிரச்னை உள்ள பெண்களுக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உடனடியாகப் புற்றுநோய் சிகிச்சை தொடங்க வேண்டிய பெண்களுக்கு இரண்டு வார ஊசிகளுக்குக் காத்திருக்க நேரம் இருப்பதில்லை. முதிராத முட்டையை எடுத்து வெளியே முதிர வைக்க முடிந்தால் இவர்களுக்கெல்லாம் வழி பிறக்கும். தென்கொரியாவில் அப்படி ஒரு பிரசவம் 1991இல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெற்றி விகிதம் வழக்கமான முறையைவிடக் குறைவாகவே இருந்துவந்தது.

ஏன் என்பது இப்போது விளங்குகிறது. வெளியே எடுத்ததும் முட்டை அவசரமாக விழித்துவிடுகிறது. நகல்கள் சேர்ந்து முடியவில்லை. இரண்டாவது செய்தி வரவில்லை. துருவ உருண்டை மட்டும் வந்துவிடுகிறது.

இதற்கான மாற்று, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்களும் வியட்நாமின் ஹோ சி மின் நகர மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய இருகட்ட முறை. முதல் 24 மணி நேரம் முட்டையை சி.என்.பி. கலந்த திரவத்தில் வைத்து உறங்க வைக்கிறார்கள். அதற்குள் சுற்றுச் செல்களுடனான உறவு தொடர்ந்து, முட்டை தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அடுத்த 30 மணி நேரம் ஆம்பிரெகுலின் கலந்த திரவம். சினைப்பை இயற்கையாகச் செய்யும் வரிசையே தட்டில் நடத்தப்படுகிறது. சுண்டெலி ஆய்வகத்திலிருந்து மருத்துவமனை வரை வந்து சேர்ந்த பாதை இது.

நுண்பைகள் அதிகமுள்ள 546 பெண்களிடம் ஹோ சி மின் நகரில் இந்த முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2020இல் வெளியானது. முதல் முறை கருவை வைத்ததில் குழந்தை பிறந்தவர்கள் புதிய முறையில் 35.2 சதவீதம், வழக்கமான முறையில் 43.2 சதவீதம். இடைவெளி இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. முட்டையை வெளியே முதிர வைப்பதை இனிச் சோதனை முறை என்று சொல்ல வேண்டியதில்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2021இல் அறிவித்தது.

கர்னால் காட்டிய வழி

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் மனிதர்களைவிட எருமைகளிடம்தான் பெரிய பேரைச் சம்பாதித்தது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், உலகின் முதல் சோதனைக் குழாய் எருமைக் கன்றான 'பிரதம்' 1990இல் பிறந்தது. இறைச்சிக் கூடங்களிலிருந்து கொண்டுவரும் எருமைச் சினைப்பைகளின் முட்டைகளை, ஹார்மோன் கலந்த திரவத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்து முதிர வைப்பது இந்த வேலையின் அடிப்படை. அதே நிலையத்தில் 2009இல் குளோனிங் மூலம் 'கரிமா' என்ற கன்று பிறந்தது.

குளோனிங் இந்தக் கதையின் உச்சம். முட்டையின் சொந்த டி.என்.ஏ. நீக்கப்பட்டு வேறொரு செல்லின் டி.என்.ஏ. உள்ளே வைக்கப்படுகிறது. அதைக் கருவாக மாற்றுவது முட்டைக்குள் சேர்ந்திருக்கும் புரதங்களும் நகல்களும்தான். அந்தச் சேமிப்பு சரியில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த ஜாதி எருமையின் டி.என்.ஏ.வாக இருந்தாலும் பலனில்லை.

அவசரம் ஆபத்து

எம்டார் பாதைதான் விசை என்றால், அதைத் தூண்டும் மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். இங்கே எச்சரிக்கை தேவை. இதே பாதைதான் உறங்கும் சிறு முட்டைகளின் கையிருப்பையும் கட்டுப்படுத்துகிறது. இந்தப் பாதைக்குப் பிரேக் போடும் பி.டென் என்ற மரபணுவைச் சுண்டெலி முட்டைகளில் நீக்கியபோது, கையிருப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விழித்து, இளம் வயதிலேயே தீர்ந்துபோனது. சுவீடனில் நடந்த இந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஓர் இடத்தில் தேவையான தள்ளுவிசை இன்னோர் இடத்தில் அழிவு. 'முட்டையின் தரத்தை உயர்த்தும்' என்று விற்கப்படும் மாத்திரைகளையும் பவுடர்களையும் வாங்கும் முன் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

மருத்துவமனைகளில் இன்னும் முட்டையின் வெளித்தோற்றமே பார்க்கப்படுகிறது. உள்ளே எந்த நகல் படிக்கப்பட்டது என்பதை முட்டையைச் சிதைக்காமல் தெரிந்துகொள்ளும் சோதனை நடைமுறைக்கு வரவில்லை. முட்டையோடு சேர்ந்து வெளிவரும் சுற்றுச் செல்களிலிருந்து அதை ஊகிக்க முடியுமா என்று பல ஆய்வகங்கள் முயல்கின்றன. அந்தச் செல்கள் வழக்கமாகக் குப்பைக்குப் போகின்றன. உத்தரவை அனுப்பியவை அவைதான் என்பதால், உத்தரவு போனதா என்ற தடயமும் அவற்றில் இருக்கக்கூடும்.

அதுவரை, இரவு பத்து மணி ஊசி தொடரும். கடிகாரம் 36 மணி நேரத்தை எண்ணும். அந்த நேரத்தில் சில ஆயிரம் செல்கள் ஒரே ஒரு செல்லுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு வயது முப்பது என்றால் அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் செல் காத்திருக்கிறது. செய்தி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பது அவளுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் கரு தன் ஆவண அறையைத் தானே திறக்கும்போதுதான் தெரியும்.